பெஞ்சைத் தட்டினால் நிறுத்த வேண்டும்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான நான், ஓசூரில் ஒரு பள்ளியில் மாலை வாசிப்பு வகுப்பைத் தனியாக நடத்திவந்தேன். பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவி ஷபானாவையும் அதில் சேர்த்தார்கள். பத்தே நாளில் பிள்ளைகள் அவள் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் தெலுங்கு பேசுவதால் தமிழ் வாசிக்கத் தடுமாறும் ஒன்பதாம் வகுப்பு மஞ்சுளாவோடு ஷபானா சேர்ந்தே வாசிப்பாள். மஞ்சுளா பெஞ்சைத் தட்டியதும் இவள் நிறுத்திக்கொள்வாள்; அந்தப் பெண் தனியாகத் தொடர்வாள். எந்த விதியிலும் இல்லாத முறை!

ஷபானா வராத ஒருநாள், மஞ்சுளாவை எல்லோர் முன்பும் எழுந்து வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் வரியிலேயே திணறினாள். "இதுதான் உங்க மிஸ் சொல்லிக்குடுத்த லட்சணமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கே வரவில்லை.

"அம்மாகூட ரோஜா தோட்டத்துக்கு வேலைக்குப் போறாளாம். என்ன சார் பண்ணீங்க?" என்றாள் ஷபானா.

"இடைநிற்றலுக்கு ஒரு படிவம் இருக்கும்மா..."

"படிவத்த அப்புறம் பாக்கலாம், வண்டில ஏறுங்க சார்."

அவள் ஸ்கூட்டரில் போய் மஞ்சுளாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வர்றேன். ஆனா நான் படிக்கறப்ப நீங்க பேசக்கூடாது சார்" என்றாள்.

ஷபானாவின் பயிற்சி முடிந்துவிட்டது. இப்போது மஞ்சுளாவோடு சேர்ந்து வாசிப்பவன் நான். அவள் பெஞ்சைத் தட்டியதும் வாயை மூடிக்கொள்கிறேன். வேண்டுமென்றே முதல் வரியிலேயே தட்டுகிறாளோ என்றுதான் சந்தேகம்.