தொப்பிக்காரர் ஸ்டாப்

ராதாபுரம் சாலையோரம் வெயிலில் வெளுத்த பழைய பலகை. அதில் அகலத் தொப்பியும் முறுக்கு மீசையுமாக ஒருவர், பக்கத்தில் கள்ளிச்செடி, மேலே ‘மெக்சிகன் உணவகம்’. நப்பாசையில் பைக்கை நிறுத்துகிறேன். உள்ளே புரோட்டா வீசுகிறார்கள்.

“மெக்சிகன் சாப்பாடு இல்லையா அண்ணாச்சி?”

கடைக்காரர் வழுக்கைத் தலையைத் துடைக்கிறார். “அத நடத்துனவரு எப்பவோ மூடிட்டுப் போயிட்டாரு.”

“அப்புறம் பலகை எதுக்கு?”

“இந்தத் தொப்பிக்காரரக் கழத்திட்டு எம்பேரு போட்ட பலகைய மாட்டுனேன் வே. அடையாளம் தெரியாம பஸ்ஸு நிக்காமலே போயிட்டு. மறுநாளே இவரத் திரும்ப ஏத்திட்டேன்.”

அதற்குள் டவுன் பஸ் வந்து நிற்கிறது. “தொப்பிக்காரர் ஸ்டாப்பு, எறங்கு!” என்று கத்துகிறார் நடத்துநர். இறங்கியவர்களில் ஒருவர் நேரே கடைக்காரரிடம் வந்து, அந்த வழுக்கைத் தலையைப் பார்த்துச் சொல்கிறார்:

“தொப்பி அண்ணாச்சி, நாலு புரோட்டா!”