தம் கட்டாதீங்க அக்கா

முதலில் ஒரு மன்னிப்பு. ஜாக்கெட் கை, கழுத்து வெட்டு, வாடிக்கையாளர் சண்டை என்று வாராவாரம் எனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாவதோடு படிப்பு முடிந்தவள். அரியலூரில் தையல் கடை வைத்திருப்பவள். நான் போய்க் கடலுக்கு அடியில் இருப்பதைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அந்தமான் போயிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை அமுதா. வீட்டுக்காரருக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. கடலைப் பார்க்கப் பிடிக்கும், கால் நனைக்கப் பிடிக்காது. அமுதா குரும்பலூரில் இருக்கிறாள். நல்லவள், ஆனால் வாய் சும்மா இருக்காது. எனக்கு நேர்மாறு... வாயே திறக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அமுதாவுக்குச் சர்க்கரை வியாதி. அதனால் அவள் டீ போட்டால் எல்லோருக்குமே சர்க்கரை இல்லாத டீதான். அவள் நீட்டுவாள், நான் குடிப்பேன். பல வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. அந்தமானிலும் ஒரு நாள் காலை ஹோட்டல் ரூம் கெட்டிலில் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

டீயை முடித்துக் கடற்கரைக்கு நடந்தபோதுதான் அந்த போர்டைப் பார்த்தேன். 'ஸ்கூபா டைவிங்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெரிய சிப்பியின் படம். மேலெல்லாம் வரி வரியாக. அப்படியே நின்றுவிட்டேன்.

ஏன் நின்றேன்? என் கடையில் ஒரு கல் இருக்கிறது. வெட்டும்போது துணி நகராமல் இருக்க மேலே பாரமாக வைப்பது. சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து ரோட்டில் விழுந்தது. அதில் அதே மாதிரி வரி வரியாக ஒரு சிப்பி, கல்லோடு கல்லாக. எங்கள் பக்கம் இது பெரிய அதிசயம் இல்லை... அரியலூரே ஒரு காலத்தில் கடலாம். ஆனால் தினமும் அதைக் கையில் எடுக்கிறவளுக்கு ஒரு கேள்வி வரும் இல்லையா? இது உயிரோடு இருந்தால் எப்படி இருக்கும்?

"நான் இறங்கப் போறேன்" என்றேன்.

"யாரு, நீயா?" என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணி, கடையில இன்னொரு வடை வேணும்னாலே அண்ணனத்தான் கேக்கச் சொல்லுவீங்க" என்றாள் அமுதா. "அங்க போயி மீனுகிட்ட என்னத்தப் பேசப் போறீங்க?"

நான் டைவிங் ஆபீஸைப் பார்த்து நடந்தேன்.

ஆஸ்துமா உண்டா, காது வலி உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு ஒரு ரப்பர் டிரெஸ் கொடுத்தார்கள். உடம்போடு ஒட்டிக்கொள்வது. அளவெடுத்துத் தைக்கிறவளுக்கு அந்த பிட்டிங்கைப் பார்க்கப் பெருமைதான், போட்டுக்கொள்ளத்தான் கூச்சம். மேலே வீட்டுக்காரரின் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க வந்தவர் சிரிக்கவில்லை. முப்பது வயது இருக்கும். பெயர் யூசுப்.

"எந்த ஊருக்கா?"

"அரியலூர்."

"அட, பக்கந்தான்! நமக்கு லப்பைக்குடிக்காடு. துபாய்லயும் இந்த வேலதான் பாத்தேன். நீச்சல் தெரியுமாக்கா?"

"தெரியும் தம்பி. கெணத்துல கத்துக்கிட்டது."

அவர் முகம் வாடிவிட்டது.

"கெணறா... நீச்சலே தெரியாதவங்கள ஈசியா எறக்கிப்புடுவேங்க்கா. நம்ம ஊரு கெணத்துக்காரங்கதான் படுத்துவாங்க. அடிமண்ண அள்ளிட்டு வந்து காட்டுறதுதான நம்ம நீச்சலு?"

உண்மைதான். குதித்து, தம் கட்டி, அடிக்குப் போய் ஒரு பிடி மண்ணோடு மேலே வரவேண்டும். வந்தால்தான் நீச்சல்காரி. நானும் அள்ளியிருக்கிறேன்.

"இங்க ஒரே சட்டந்தான்" என்றார் யூசுப். "தம் கட்டக் கூடாது. ஆழத்துல நீங்க இழுக்குறது அமுங்குன காத்து. அத அடக்கிக்கிட்டே மேல வந்தீங்கன்னா நெஞ்சுக்குள்ள பெருசாயிரும், நுரையீரல் தாங்காது. மொதல்ல கரையோரம் பழகுவோம். மூச்ச உட்டுக்கிட்டே இருக்கீங்களான்னு பாப்பேன். இல்லன்னா ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். கோவிச்சுக்கக் கூடாது."

மூச்சு விடுவதெல்லாம் ஒரு கஷ்டமா என்றுதான் நினைத்தேன்.

வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் முங்கினேன். முகத்தில் தண்ணீர் பட்டதுதான் தாமதம் — பூட்டுப் போட்ட மாதிரி நெஞ்சு தானாக அடைத்துக்கொண்டது. யூசுப் தோளைத் தட்டி எழுப்பினார். மறுபடியும் முங்கினேன், மறுபடியும் பூட்டு. முதுகில் சிலிண்டர் நிறையக் காற்று. நானோ அதைத் தொடாமல், ஏதோ பந்தயத்துக்கு முங்கியவள் போல அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

முழங்கால் தண்ணீரில் நின்று அமுதா வேடிக்கை பார்த்தாள். "அண்ணி, ரூம்ல பக்கெட்டு இருக்கு. அதுல முங்கிக்கலாம், வாங்க."

"வந்துரு, போதும்" என்றார் வீட்டுக்காரர் கரையிலிருந்து. யூசுப்பும் தயங்கியபடி என் முதுகுப் பட்டையைக் கழற்றப் போனார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"இன்னொரு தடவ, தம்பி."

அவர் யோசித்தார். "சரி, ஒண்ணு பண்ணுங்க. உள்ள போயி பேசுங்க. குழாயக் கடிச்சுக்கிட்டே, யார்கிட்டயாச்சும். பேசுறவங்களால தம் கட்ட முடியாது. இழுக்கணும், பேசணும், இழுக்கணும், பேசணும்... அவ்வளவுதான்."

பேசுவதா? நானா? யாரிடம்?

முங்கினேன். எதிரே தண்ணீருக்குள் அமுதாவின் இரண்டு கால்கள் தெரிந்தன.

"அமுதா" என்று ஆரம்பித்தேன். குமிழிகள் போயின. "டீயில சர்க்கர போடு. வியாதி உனக்குத்தான், எனக்கில்ல." நிறையக் குமிழிகள். மூச்சை இழுத்துக்கொண்டேன். "உம் பொண்ணு கல்யாணத்துக்கு அத்தன ஜாக்கெட்டும் நாந்தான் தைச்சேன். ஒரு வார்த்த, நல்லா இருக்குன்னு சொன்னியா?" மறுபடி இழுத்தேன். அடுத்தது வந்தது. அதற்கடுத்தது. இத்தனை உள்ளே இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். யூசுப் என் முன்னால் வந்து, விரலை வளைத்து ஓகே காட்டினார்.

மேலே அமுதா கையாட்டிக்கொண்டு நின்றிருந்தாள், பாவம்.

அப்புறம் யூசுப் என்னைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே கூட்டிப்போனார். காது அடைத்தபோதெல்லாம் மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லிக் காட்டினார். வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் போனேன். அமுதா முடிந்து வீட்டுக்காரருக்கு வந்திருந்தேன். பவளப் பாறை வந்தது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள், பட்டுப் புடவைக் கடையில் எதை எடுப்பது என்று முழிக்கிற மாதிரி இருந்தது.

பாறை இடுக்கில் யூசுப் விரலால் காட்டினார். அது இருந்தது.

அதே சிப்பி. அதே வரி, என் கல்லில் இருக்கிற அதே வரி. ஆனால் இது வாயைத் திறந்து வைத்திருந்தது. ஓரமெல்லாம் நீலம், அதில் வெல்வெட் போல ஒரு மினுமினுப்பு. என் நிழல் விழுந்ததும் சட்டென்று மூடிக்கொண்டது. தொடக் கூடாது என்று யூசுப் சைகை காட்டினார். அசையாமல் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில், என்னைப் போலவே தயங்கித் தயங்கித் திறந்தது.

அப்போதுதான் கவனித்தேன். நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். மூச்சு மட்டும் தானாகப் போய் வந்துகொண்டிருந்தது.

கரைக்கு வந்ததும் அமுதா துண்டை நீட்டினாள். "உள்ள யாரையோ திட்டிக்கிட்டே வந்தீங்களாமே, அந்தத் தம்பி சொல்லுது. யாரண்ணி?"

"மீனத்தான்" என்றேன்.

பாருங்கள், தண்ணீரை விட்டு வெளியே வந்தவுடன் மறுபடி பூட்டு. தம் கட்டுவதை நாம் பொறுமை என்று சொல்லிக்கொள்கிறோம். கிணற்றுக்கு அது சரி. காலமெல்லாம் கட்ட முடியுமா?

மறுநாள் காலை அமுதா கெட்டிலில் டீ போட்டு நீட்டினாள். "எனக்குச் சர்க்கர போடு" என்றேன். போட்டாள்.