மாமியின் ஒப்பாரியும் கிழட்டு நாயின் தும்மலும்

ஒரு புளூஸ் இசைத்தட்டில் நானும் இருக்கிறேன் என்று சொன்னால் என் மகள் நம்புவதில்லை. நான் பாடவில்லை, வாசிக்கவும் இல்லை. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்துப் பாட்டுகளைத் திரட்டி, ஊர்க்காரர்களையே பாடவைத்து, கிற்றார்க்காரர் ஒருவர் வெளியிட்ட தட்டு அது. அதன் உறையில் கடைசி வரி ‘நாயும் சிறுவனும்’. சிறுவன் நான்தான். பெயரும் இல்லாமல், நாய்க்கும் பின்னால் நின்று அச்சேறிய தமிழன் என்னைத் தவிர வேறொருவன் இருப்பான் என்று தோன்றவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் அக்கா, எனக்கு மாமி, எங்களோடுதான் இருந்தார். பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை. மாமா ஊரில். கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குப் புறப்பட்டவர் கொழும்பு போய்ச் சேரவில்லை. எனக்குப் பால்பல் விழுவதற்கு முந்திய கதை இது. வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ‘அவர் வந்தவுடனே’ என்று தொடங்கும் வசனங்கள் மட்டும் இருந்தன. மாமா பிந்துகிறார் என்று நான் விளங்கி வைத்திருந்தேன், பனிக்காலத்துப் பஸ் பிந்துவதைப் போல. வந்து இறங்கியதும் போடுவதற்கென்று மாமி மலிவு விற்பனையில் வாங்கிய நீலக் குளிர் ஜாக்கெற் ஒன்று வாசல் கொழுவியில் தொங்கியது. அதில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது.

கிற்றார்க்காரர் அதே தொழிற்சாலையில் மெசின் திருத்துபவர். ஒரு நாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் யோசனையைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் நான். அந்தக் காலத்தில் தமிழ் வீடுகளில் வைத்தியரோடும் வங்கியோடும் கதைக்கும் பொறுப்பு பல் விழுந்த பிள்ளைகளிடம்தான் இருந்தது.

முதியவர்களின் பித்தளை வாத்தியக் குழு சம்மதித்துவிட்டதாம். தேவாலயத்து ஓர்கனும் வருகிறதாம். இந்தப் பக்கத்துச் சனங்கள் ஒரு காலத்தில் கூடியிருந்து கம்பளி பின்னும்போது பாடிய பாட்டுகளை, அவற்றை இன்னும் மறக்காத இரண்டு கிழவிகள் பாடப் போகிறார்களாம். அவற்றோடு, நூல் அறுந்து மெசின் நிற்கும்போது மாமி முணுமுணுக்கிற பாட்டும் வேண்டுமாம். அதைத் தன் வீட்டுக் கராஜில் வைத்துப் பதிவு செய்வாராம்.

“அது பாட்டில்லை எண்டு சொல்லு ராசா. ஒப்பாரி” என்றார் மாமி.

ஒப்பாரிக்கு டேனிஷில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. செத்த ஆளைப் பார்த்துப் பாடுவது என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். புளூஸும் ஏறக்குறைய அந்தச் சாதிதான் என்றார்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “வேண்டாம் மச்சாள். சாவில்லாத வீட்டிலை ஒப்பாரி சொன்னால் சாவைக் கூப்பிட்டதாப் போயிடும். ஒரு தேவாரம் பாடிக் குடுங்கோ.”

மாமி தேவாரம் பாடினார். கிற்றார்க்காரர் தலை குனிந்து கேட்டுவிட்டு, மிக அழகு, ஆனால் இது கோயிலிலிருந்து வந்தது, நான் கேட்பது இந்த ஊரில், அந்த மெசினுக்குப் பக்கத்தில் பிறந்தது என்றார்.

எனக்கு அம்மாவின் வசனமே காதில் நின்றது. சாவைக் கூப்பிட்டதாப் போயிடும். கூப்பிட்டால் வருவது யாருக்கு? அப்பா இருமிக்கொண்டிருந்தார். நானோ லைற் இல்லாத சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவன். குடும்பத்தைக் காப்பாற்றுவது என் கையில் இருந்தது. மாமிக்குத் தொண்டை நோ, பாட ஏலாது என்று கிற்றார்க்காரரிடம் டேனிஷில் அடித்துவிட்டேன்.

“எனக்கு எங்கையடா தொண்டை நோ?” என்றார் மாமி. “வேலைக்கு வராத எல்லாரும் சொல்லுற சாட்டு அதுதான். டேனிஷிலை எனக்கு முதல் விளங்கினதே அது.”

பிறகு மாமி வாசல் கொழுவிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் திரும்பி, “இவரின்ரை கராஜ் வீடில்லைத்தானே?” என்று கேட்டார்.

அம்மா கோப்பைகளைப் பொறுக்கி எடுத்தார். “ஓம் மச்சாள். கராஜ் வீடில்லை” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் நான் விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வராத சாவு கிற்றார்க்காரர் வீட்டுக்குத்தானே போகும்? சனிக்கிழமை காலை மாமியோடு அங்கே போனபோது, போகப்போகிற உயிர் எது என்று வாசலிலேயே கண்டுகொண்டேன். கிழட்டு நாய் ஒன்று. ஒரு கண் பூத்திருந்தது. எழுந்து வந்து என் கையை நக்கியது. துரோகி மாதிரி நின்றேன்.

கராஜுக்குள் காரை வெளியே எடுத்துவிட்டுக் கதிரைகள் போட்டிருந்தார்கள். இரண்டு கிழவிகளும் தங்கள் பாட்டை முடித்துவிட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மெழுகுதிரி எரிந்தது. டென்மார்க்கில் பட்டப்பகலில் கோப்பி குடிப்பதற்கும் மெழுகுதிரி கொளுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தலைமாட்டு விளக்கும் வைத்தாயிற்று, இனிப் பிணம்தான் பாக்கி என்று நாயைப் பார்த்தேன்.

மாமி மாமாவின் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கராஜ் குளிரும் என்றார். கைகள் வெளியே தெரியவில்லை.

பாடத் தொடங்கினார். முணுமுணுப்பாக மட்டும் நான் கேட்டிருந்த குரல் அது. அன்றைக்குத்தான் அதன் முழு உயரத்தையும் கண்டேன். தகரக் கதவு அதிர்ந்தது. தினமும் எனக்குச் சோறு போடுகிற மனிசிக்குள் இவ்வளவு பெரிய சத்தம் எங்கே இருந்தது? கிற்றார்க்காரர் விரலில் ஒரு போத்தலின் கழுத்துத் துண்டை மாட்டிக்கொண்டு கம்பியில் வழுக்கினார். மாமி ஏறிய இடத்துக்கெல்லாம் கிற்றார் பின்னாலேயே ஏறியது. மாமி உடைந்த இடத்தில் அதுவும் உடைந்தது. இருவருக்கும் இடையில் பத்துச் சொல் பொதுவாக இராது. கிழவிகளின் ஊசிகள் நின்றுவிட்டன. என் முழங்கையிலிருந்து தோள்வரை மயிர் நட்டுக்கொண்டது.

“பாய் விரிச்சுப் பாத்திருந்தன், என்ரை ராசா, படியேறி வரேல்லையே…”

ராசா. எங்கள் வீட்டில் மாமி ராசா என்று கூப்பிடுவது என்னை மட்டும்தான். சாவு வந்தது நாய்க்கல்ல, எனக்கு! நாடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கழுத்து, நெஞ்சு, முழங்கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். மூச்சு வந்தது. அப்படியானால் நாய்? என் காலடியில் மூட்டை மாதிரிக் கிடந்தது. அசைவில்லை.

மாமி முடித்தார்.  நான் குனிந்து, நாயின் மூக்கடியில் விரலை வைத்தேன்.

நாய் தும்மியது.

“உயிரோடை இருக்கு” என்று கத்திவிட்டேன். தும்மலும் கத்தலும் அப்படியே பதிவாகின. கிற்றார்க்காரர் அவற்றை வெட்டவில்லை. மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் அந்த முகம் எனக்குத் தெரியாத யாரோ ஒருவருடையதாக இருந்தது. பிறகு சிரித்தார். கண்ணீரோடு, ஜாக்கெற் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கிழவிகளில் மூத்தவர் என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார், யாருக்காகப் பாடினார் என்று.

நான் பெருமையோடு விளக்கினேன். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அதனால்தான் கராஜுக்கு வந்தோம்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். எழுந்துபோய் மாமியின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, ஜாக்கெற் கைக்குள் தேடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர் கோப்பி ஊற்றினார்.

புறப்படும்போது மாமி ஜாக்கெற்றைக் கழற்றிக் கிற்றார்க்காரரிடம் நீட்டினார். அவருக்கு அது அளவாக இருந்தது. நான் பதறிப்போய் மாமியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமி, அது மாமாவின்ரை.”

“இருக்கட்டும் ராசா. கராஜ் குளிருது. அவருக்குத் தேவை.”

வீட்டுக் கதவை அம்மா பாதிதான் திறந்தார். கொழுவியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். “ஒண்டையும் தொடாதேங்கோ. நேரே போய்த் தோயுங்கோ. மச்சாள், நீங்கள் முதல்” என்றார். குளியலறையில் துவாய்கள் ஏற்கெனவே தொங்கின. சனிக்கிழமைக் கோழிக்கறியின் வாசம் இல்லை. பருப்புத்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் பொருந்தவில்லை. செத்த வீட்டுக்குப் போய் வந்தால்தான் இப்படிக் கதவடியில் மறித்துத் தோய அனுப்புவார்கள். அங்கே செத்தது யார்? நாய்கூடத் தப்பிவிட்டது.

என் முறை வந்தது. சுடுதண்ணீரின் கீழ் நின்றபோது அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன்.

“அம்மா, மாமா வந்தால் குளிருக்கு எதைப் போடுவார்?”

வெளியே அம்மா நிற்பது தெரிந்தது. 

“தலைக்கு நல்லாத் தண்ணி வார்” என்றார்.