ஆயுத பூஜையன்று அணைத்த ஃப்ரீசர்

தொண்ணூறுகளின் கடைசி. கோவையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். எருக்கும் அரளியும் ஒரே குடும்பமா, வெவ்வேறா? கிள்ளினால் இரண்டிலும் பால் வடியும். பூவைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாதது போலிருக்கும். இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதன் வரிசையை ஒப்பிட்டு உறவைச் சொல்வதுதான் என் வேலை.

வரிசையைப் படிக்கும் கருவி பெங்களூரில்தான் இருந்தது. காடு மேடெல்லாம் அலைந்து பறித்த இலைகளை, டி.என்.ஏ. பிரித்து அங்கே அனுப்புவதற்காக ஃப்ரீசரில் உறைய வைத்திருந்தேன். தை பிறப்பதற்குள் ஆராய்ச்சியை முடிக்காவிட்டால் கல்யாணம் என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. கோவையில் லேத்துப் பட்டறை முதல் ஆய்வுக்கூடம் வரை எல்லா மெஷினுக்கும் அன்று சந்தனப் பொட்டும் உண்டு, ஓய்வும் உண்டு. ஃப்ரீசருக்கு நானே பொட்டு வைத்து, "இதை மட்டும் நிறுத்தாதீங்க சார்" என்று என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் சொந்த ஊரான கொடுமுடிக்கு பஸ் ஏறினேன்.

விடுமுறை முடிந்து வந்தால் வாசலிலேயே நாற்றம். இலைகளெல்லாம் கறுத்துக் கூழாகிக் கிடந்தன. பட்டறைக் குடும்பத்துப் பிள்ளையான பேராசிரியர், பூஜை முடிந்த கையோடு மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டிருந்தார்.

"பொட்டு வெச்ச மிஷினை ஓட்டுனா ஆகாதுங்க அம்மணி. உங்க நல்லதுக்குத்தான் நிறுத்திப்போட்டேன்" என்றார். என்ன மரியாதை! எரிந்து விழுந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த 'ங்க'வுக்கு முன்னால் என்னத்தைக் கத்துவது?

மறுபடி இலை பறித்து வேலையைத் தொடங்கினால் இன்னொரு வருஷம் ஆகும். "சாமியே வேண்டாம்னு நிறுத்திப்போட்டாரு கண்ணு" என்று அப்பா தையிலேயே முகூர்த்தம் குறித்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பேராசிரியரும் வந்தார். பந்தி விசாரிக்கப் போன என் காதில் விழும்படியே, பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "கெட்டிக்காரப் புள்ளைங்க. என்னங்க பண்றது, கல்யாணம்னதும் படிப்பை உட்டுப்போட்டுது."

எருக்கும் அரளியும் ஒரே குடும்பம்தான் என்று பிற்பாடு வெளிநாட்டில் யார் யாரோ டி.என்.ஏ.வை வைத்தே நிரூபித்துவிட்டார்கள். அதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

இன்றும் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு வைக்கிறேன். ஆனால் அதை அணைக்க யாரையும் விடுவதில்லை. சாமி மீது எனக்குக் கோபமில்லை. சாமி பெயரைச் சொல்லி சுவிட்சை இறக்கிவிட்டு, படிப்பை விட்டது நான்தான் என்று பந்தியில் உட்கார்ந்து சொன்னவரை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.