மேஜைக்கு அடியில் இருந்த மீன் பெட்டி

ஆலங்குடிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன வருஷம் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலிருந்து கிரேஸ் என்ற பெண் பத்து நாள் பயிற்சிக்கு வந்தார்.

ரத்தம் பரிசோதிக்கும் புது மெஷினைப் பற்றி நான் விளக்கினால் சும்மா தலையாட்டுவார். ஆனால் மேஜைக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்து நோட்டில் என்னவோ எழுதுவார். அங்கேதான் கரண்ட் போனால் ரத்தப் பரிசோதனைக்கான, குளிர் போனால் கெட்டுவிடும் ரீஏஜென்ட் மருந்து பாட்டில்களை ஐஸோடு வைக்கிற தெர்மாகோல் பெட்டி இருந்தது. மீமிசல் கடற்கரையில் வாங்கிய மீன் பெட்டி. ஆய்வுக்கு யார் வந்தாலும் அதை ஒளித்துவிடுவேன்.

"சார், அந்தம்மா நம்மளப் பத்தி ரிப்போர்ட் எழுதுறாங்க போல. பாத்து இருந்துக்கங்க" என்றார் நர்ஸ் செல்வி. எனக்கும் அதே சந்தேகம்தான். பெட்டியை ஸ்டோர் ரூமில் கொண்டுபோய்ப் போட்டேன்.

மறுநாள் கிரேஸ் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவர் நோட்டைத் திறந்தேன். மெஷினுக்கு நாலு வரிதான். அடுத்த பக்கம் முழுக்க என் மீன் பெட்டியின் படம், அளவோடு.

நிமிர்ந்தால் வாசலில் அவர் நிற்கிறார். கோபப்படவில்லை.

"எங்க ஊர்லயும் கரண்ட் அடிக்கடி போகும். மெஷின் யாராவது குடுத்துடுவாங்க. இந்தப் பெட்டிதான் எங்ககிட்ட இல்ல. குளிர் எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஏழு வருஷமாக அந்தப் பெட்டியை நம்பித்தான் ரிசல்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள்கூட அதற்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில்லை.

சந்தேகப்பட வேண்டியதை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.