பருத்திமார் மேல் போன நாற்காலி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அவள் கதைதானே, சிரிக்கட்டும்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சக்கர நாற்காலிதான் கால். மாதாமாதம் அரசாங்க உதவித்தொகை வருகிறது. அதற்காகக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு அலைந்தது தனிக் கதை. ஒருநாள் கண்டக்டர் நாற்காலியை ஏற்ற மாட்டேன் என்றதும் பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அது கிடக்கட்டும். உதவித்தொகைப் பட்டியல் பணத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மழைக்கும் அதுதான் பட்டியல் என்று யார் கண்டது!

அந்த மார்கழியில் ஒரு மத்தியானம், கிராம அலுவலகத் தலையாரி பாலிதீன் பைக்குள் அந்தப் பட்டியலைப் பொதிந்துகொண்டு நனைந்தபடி வந்தார்.

“ஆச்சி, பெருமழை வருதாம். நடக்க முடியாதவியள மொதல்ல பள்ளிக்கூடத்துக்கு ஏத்தச் சொல்லியிருக்காவ. ரோட்டுல வண்டி நிக்கி, கெளம்புங்க.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உளுந்து வாடி நின்ற நேரம் அது. அன்று காலை மழை இறங்கும்வரை ஒரு தூறலுக்காக வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போயிருந்தது.

“மழையக் கண்டு ஓடுத ஊராய்யா இது? நீ போயி மத்தவியள ஏத்து.”

“ஆச்சி, போயிருவோம். அவிய சும்மாவா சொல்லுதாவ?” என்றாள் பேத்தி.

“ஏட்டி, பேசாம இரி. வந்த மழை மகராசிய வாசல்ல நின்னு பாக்காண்டாமா?”

தலையாரி போய்விட்டார். நானும் வாசலில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போது மழை வலுத்து, கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து, தெருக்கோடியில் தண்ணீர் பளபளத்தது. அது எங்கள் வாசலைப் பார்த்துத்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஓடிவிடுவேன், அவள்?

நாற்காலியைத் தள்ளினேன். நாலு அடிகூடப் போகவில்லை. கரிசல் மண்ணைப் பற்றித் தெரியும்தானே, நனைந்தால் அரைத்த உளுந்து மாவு. சக்கரம் இரண்டும் மண்ணை அப்பிக்கொண்டு அம்மிக்கல்லாய்க் கனத்து நின்றுவிட்டன. அவளைத் தூக்கலாம் என்றால், இந்த இடுப்பு எங்கே தூக்கும்?

“ஆச்சி!” என்று சத்தம். தலையாரிதான், ஓடி வருகிறார்.

“பட்டியல்ல ஒங்க பேத்தி பேருக்கு மட்டும் டிக் விழலன்னு வண்டிய எடுக்க விட மாட்டேங்காவ! என்னத்த வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னிய?”

இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். அசையவில்லை. பேத்திதான் கத்தினாள்.

“தள்ளாதிய, இன்னும் புதையும்! அந்தப் பருத்திமாரக் கொண்டாந்து முன்னால போடுங்க!”

அடுப்பெரிக்கச் சுவரோரம் அடுக்கியிருந்த காய்ந்த பருத்திச்செடிகள். குச்சியால் சக்கரத்து மண்ணை வழித்துவிட்டு, இரண்டு கட்டுகளைப் பிரித்துப் பரப்பினோம். மேலே ஏற்றித் தள்ளினோம். நாற்காலி ஓடியது! பின்னால் கிடந்ததை அள்ளி முன்னால் போட, மறுபடி தள்ள, மறுபடி அள்ள. பேத்தி மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, “எடது பக்கம் போடுங்க, அங்கன பள்ளம்!” என்று அதட்டுகிறாள். தண்ணீர் என் கணுக்காலைத் தொட்டபோது சக்கரம் தார் ரோட்டைத் தொட்டுவிட்டது. நான் குலவை போட்டுவிட்டேன், நம்புங்கள்! வண்டியில் இருந்தவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் எங்கள் மண்சுவர் விழுந்துவிட்டது என்று சேதி வந்தது. பள்ளிக்கூடத்தில் சுடச்சுட உப்புமா கொடுத்தார்கள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், சுவர் கிடக்கிறது சுவர்!

அவள் சாப்பிடவில்லை. தலையாரியிடம் பேனா கேட்டாள்.

“அண்ணாச்சி, பட்டியல்ல பேரு மட்டும் இருந்தா எப்பிடி? யாரக் கட்டிலோட தூக்கணும், யாருக்குக் கூப்பிட்டாக் காது கேக்காதுன்னு இதுலயே எழுதி வைக்காண்டாமா?”

“நீயே எழுதும்மா” என்று காகிதத்தை நீட்டினார்.

எழுதினாள்! அங்கே இருந்த ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு, அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுதினாள். “எம்பேத்தி எழுதுதா, பாருங்க!” என்று ஆள் ஆளாகக் கூட்டி வந்து காட்டினேன். கடைசியில் அவள் பெயர் வந்தது. என்ன எழுதினாள் என்று தலையாரியை உரக்க வாசிக்கச் சொன்னேன்.

“சக்கர நாற்காலி. ரோடு வரைக்கும் பருத்திமார் போடணும். ஆச்சி வர மாட்டேன்னு சொல்லுவா, கேக்காம ரெண்டு பேரையும் ஏத்துங்க.”