துணியால் மூடிய பூசணிப் பூக்கள்

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு, மார்ச் மாதம். ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஒரு வாடகை வீட்டில் நானும் கணவரும் குடியிருந்தோம். ஒரே கார்ப் பாதையில் முன்னும் பின்னுமாக இரண்டு வீடுகள், முன்வீடு எங்களுடையது. யாழ்ப்பாணத்தில் வெயில் கொளுத்தத் தொடங்கும் மாதத்தில் இங்கே இலையுதிர் காலம் பிறக்கும். காலையில் கடல் பக்கமிருந்து பனிமூட்டம் மெதுவாக ஏறிவந்து முற்றத்தில் சற்று இருந்துவிட்டு, வெயில் வந்ததும் எழுந்து போகும். அந்த வெயிலும் தேன் நிறத்தில், எந்த அவசரமும் இல்லாமல் விழும். எப்போது விழித்திருந்தேன், எப்போது தூங்கினேன் என்று எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்த நாட்கள் அவை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய குளிர்காலத்தில், கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில், என் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஏன் என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு பிறந்தநாள் விருந்தில், வாயைக் கட்டி வைக்காமல், வந்திருந்த எல்லாரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வயிறு வடிவாகத் தெரிகிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். அடுத்த கிழமையே எல்லாம் முடிந்துபோனது. கண்ணூறு பட்டுவிட்டது, மூடி வைத்திருக்க வேண்டியதை நான்தான் ஊருக்குக் காட்டிவிட்டேன் என்று முடிவு கட்டினேன். படித்த பெண் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். துக்கம் வந்தபோது என் படிப்புத்தான் முதல் ஆளாக வீட்டை விட்டு ஓடியது. வேலையையும் விட்டுவிட்டு நாள் முழுக்கத் திரைச்சீலை போட்ட அறைக்குள் கிடந்தேன்.

அந்த நேரத்தில்தான் பூசணிக்கொடி வந்தது. நான் நட்டதல்ல. கடையில் வாங்கிய பூசணிக்காயின் விதைகளை வேலியோரக் குப்பைமேட்டில் எப்போதோ கொட்டியிருந்தேன். அதில் ஒன்று தானாக முளைத்து, கோடை முழுக்க யாரையும் கேட்காமல் வளர்ந்து, கார்ப் பாதையின் ஓரமாகப் படர்ந்துவிட்டது. ஒருநாள் குப்பை கொட்டப் போனபோது முதல் பூவைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மஞ்சள் பூ. அதன் அடியில் கண்ணாடிக் குண்டு அளவில் ஒரு பிஞ்சு. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெளியில் நின்றபடி ஒரு தேநீர் குடித்தேன்.

அந்தப் பிஞ்சு நான்கைந்து நாளில் மஞ்சளாகி, நுனி அழுகி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் அழுகிப்போகும். காட்டியே ஆக வேண்டும் என்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும். பாதையால் போய் வருகிறவர்கள் யாரோ விரல் நீட்டியிருக்கிறார்கள், யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய சேலை ஒன்றைக் கிழித்தேன். அடியில் பிஞ்சு உள்ள பூமொட்டு எங்கே தெரிந்தாலும், அது விரிவதற்கு முன்பே துணியால் சுற்றி முடிச்சுப் போட்டேன். பிள்ளையைத்தான் மூடிக் காப்பாற்றவில்லை, இதையாவது மூடி வைப்போம் என்ற வெறி.

மூட மூட, விழுந்துகொண்டே இருந்தன. கணவர் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடியும் முன் போனால் பொழுது சாயத்தான் வருவார். வந்ததும் துணி முடிச்சுகளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு தேநீர் போடப் போய்விடுவார். நான் வெளியே வருகிறேன் என்பதே அவருக்குப் போதுமாக இருந்திருக்கும்.

மார்ச் நடுவில் இலைகளில் வெள்ளைப் பொடி படியத் தொடங்கியது. கொடி ஓயப்போகிறது என்று தெரிந்தது. அப்போது வேலிக் கம்பத்தடியில் ஒரே ஒரு மொட்டு, பிஞ்சோடு. அதற்குத் துணி கட்டும்போது மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்தேன். கடவுளுக்கு வைத்தேனா கொடிக்கு வைத்தேனா தெரியாது. இந்தக் காய் நின்று முற்றினால் இன்னொரு பிள்ளைக்கு முயற்சிப்போம். இதுவும் அழுகினால் இனிப் பிள்ளை என்ற பேச்சே வேண்டாம். கணவருக்குச் சொல்லவில்லை. அந்த முடிச்சை மற்றவற்றைவிடக் கவனமாகப் போட்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலை, தேநீர்க் கோப்பையோடு கொடியருகே நின்றிருந்தேன். பூ வாடிச் சுருங்கி, துணிக்கு வெளியே பிஞ்சு எட்டிப் பார்த்தது. பின்வீட்டுக்காரரின் கார் பாதையில் திரும்பியது. அவர் கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ்ப் பெண், கிறிஸ்தவர். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அதுவரை கையசைப்போடு சரி, உட்கார்ந்து கதைத்ததில்லை. அன்றைக்குக் காரை நிறுத்தி, சீருடையோடு இறங்கி வந்தார். வந்தவர் கையை முழுநீளத்துக்கு நீட்டி, விரலை நேராகப் பிஞ்சை நோக்கிக் குத்தினார்.

"அக்கா, அதோ, அது நிக்கும் பாருங்க! மத்தது போனா போவுது, இது கண்டிப்பா நிக்கும்!"

அவர் தன் வீட்டுக்குள் போகும்வரை பொறுத்திருந்தேன். உள்ளே ஓடிவந்து செத்தல் மிளகாயும் உப்பும் அள்ளிக்கொண்டு போய், அந்தப் பிஞ்சுக்குக் கண்ணூறு போக நாவூறு கழித்தேன். ஆம், ஒரு பூசணிப் பிஞ்சுக்கு! பிறகு மிளகாயை அடுப்பில் போட, வீட்டுக் கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. கதிரையில் ஏறி நின்று, இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் தேங்காய்ப்பூத் துவாயால் அதற்கு விசிறிக்கொண்டிருந்த என்னை யாரும் பார்க்கவில்லை என்பதில் இன்றுவரை எனக்கு நிம்மதி.

அன்றிலிருந்து பிஞ்சு அழுகுவதற்காகக் காத்திருந்தேன். அது அழுகவில்லை. ஒரு கிழமையில் என் கைமுஷ்டி அளவு வந்தது. பிறகு தேங்காய் அளவு. ஏப்ரலில் மழை கூடியதும், ஈரத்தில் கிடக்கக் கூடாதென்று அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தேன். பக்கத்தில் பட்டுப்போன தக்காளிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு வெந்தயம் விதைத்தேன். உள்ளிப் பூண்டுப் பல்லும் ஊன்றினேன். வேலிக்கு அப்பால் பீஜோவா மரத்திலிருந்து பழங்கள் தம் பாட்டில் விழுந்துகொண்டிருக்கும். அந்த மணம் முற்றம் முழுக்க மிதக்கும். மண்ணில் கையை வைத்தபடி கண்ணை மூடினால், நான் கனவில் தோட்டம் செய்கிறேனா, தோட்டத்தில் இருந்து கனவு காண்கிறேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காய்க்குச் சாம்பல் நிறம் ஏறியது. சில மத்தியானங்களில் அதன் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டுப் படுத்துவிடுவேன். வெயில் பட்டுச் சூடாகியிருக்கும் அதன் தோலில் கையை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அது நல்ல தூக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரும் அந்தப் பாயில் வந்து உட்கார்ந்தார். எனக்கு மனசு நிறைந்திருந்தது. நேர்த்தியைச் சொல்லிவிட்டேன். காய் நின்றுவிட்டது, இனி முயற்சிக்கலாம் என்று உத்தரவு கிடைத்த மாதிரி சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெகுநேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"பூசணிக்காயைக் கேட்டனீர். பக்கத்திலை நான் இருந்தனான் தானே, என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

அந்தப் பிள்ளை அவருக்கும் பிள்ளைதான் என்பது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. இவ்வளவு மாதமும் துக்கத்தை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு பங்கும் கொடுக்கவில்லை. அன்று மாலை குளிரத் தொடங்கும்வரை இரண்டு பேரும் அதே பாயில் இருந்தோம்.

மே மாதத் தொடக்கத்தில் கொடி முழுக்கக் காய்ந்து, காயின் காம்பு மரக்கட்டைபோல் இறுகியது. காம்பை நீளமாக விட்டு அறுத்து, தோல் இறுகட்டும் என்று சில நாள் வாசற்படி வெயிலில் வைத்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை வெட்டினோம். உள்ளே அப்படியொரு செம்மஞ்சள். தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்து, வெட்டிய காயில் ஒரு பெரிய துண்டையும் எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போனேன். விரல் நீட்டியவர்தான், ஆனால் காய் நின்றுவிட்டதே, அவருக்குக் கொடுக்காமல் சாப்பிட மனம் வரவில்லை.

அவர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். என்னைச் சமையலறையில் உட்கார வைத்து, கறியை அப்படியே ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சொன்னால் திட்டக்கூடாது என்று முதலில் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

"எல்லாப் பூவையும் துணி போட்டுக் கட்டிட்டீங்க. தேனீ எப்படிக்கா உள்ள போவும்? ஒருநாள் காலையில வேலை முடிஞ்சி வர்றப்ப, ஆண்பூ ஒன்னைப் பறிச்சு, உங்க துணிய அவுத்து, உள்ள நல்லா தடவிவிட்டேன். அப்பறம் அதே மாதிரி கட்டிட்டேன். கே.எல்.ல நாங்க இருந்தது உசரமான ஃப்ளாட் லா. அவ்ளோ மேல எந்தத் தேனீ லிஃப்ட் புடிச்சு வரும்? பால்கனியில பாவக்காய்க்கெல்லாம் நான்தான் தேனீ."

அதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தால் சொல்ல மனசு வரவில்லை என்றார். முடிச்சை அவ்வளவு அக்கறையாகப் போட்டிருந்தேனாம்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அதோ நிற்கும் என்று அவர் அடித்துச் சொன்னதன் ரகசியம் இதுதானா! அடுத்த நிமிடம் மற்றது உறைத்தது. துணி கட்டத் தொடங்கிய பிறகு விழுந்த பிஞ்சுகள் எல்லாவற்றையும் கெடுத்தது யாருடைய கண்ணும் இல்லை, என் கைதான். காப்பாற்றுகிறேன் என்று மூடி மூடி நானே அழித்திருக்கிறேன். அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகையோடு, இந்த நாட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லாத மற்றக் கதையும் வந்துவிட்டது. விருந்து, வயிறு, ஆஸ்பத்திரி, எல்லாம். அதையும் நான்தான் அழித்துப்போட்டேன் என்றேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இல்லக்கா. இது காய், அது புள்ள. ரெண்டையும் ஒன்னா போட்டுக் குழப்பாதீங்க. காய்க்கு நீங்க துணி கட்டுனீங்க, சரி. புள்ளைக்கு நீங்க ஒன்னுமே செய்யல. நான் அந்த வார்டுலயும் வேலை பார்த்திருக்கேன். யாரும் ஒன்னும் செய்யாமலே இது நடக்கும்."

மருத்துவர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருந்தார்கள். என் காதில் விழவில்லை. என் பூவை எனக்குத் தெரியாமல் அவிழ்த்து, மறுபடி கட்டிவிட்டுப் போன ஒருவர் சொன்னபோது விழுந்தது. வெளியில் மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு, சாதாரணமாக, தேநீர் வேண்டுமா என்று கேட்பதுபோல அவர் கேட்டார்.

"பேரு வச்சிருந்தீங்களா?"

அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. மறந்துவிடு என்றார்கள், இன்னொன்று வரும் என்றார்கள், வயது இருக்கிறது என்றார்கள். வைத்திருந்தோம் என்றேன். சொன்னேன். பிள்ளை போன பிறகு அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அவர் அதை ஒரு தடவை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், சரியாகச் சொல்கிறேனா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். ஓம் என்று தலையாட்டினேன்.

பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வாயாடி. அவளுக்காகக் காய் எதையும் கேட்கவில்லை, நாங்கள் இருவரும் கதைத்து எடுத்த முடிவு அது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது விசாரித்தால் ஒன்று என்றுதான் சொல்லிவருகிறேன். ஆனால் அவளுக்கு முன்னால் ஒருவன் வந்தான், அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, எங்கள் இருவரையும் தவிர அதைச் சொல்லத் தெரிந்த இன்னொருவர் இந்த உலகத்தில் இருக்கிறார் என்ற நினைப்பு மட்டும் இன்றைக்கும் என் நெஞ்சை லேசாக்குகிறது.